புளூடூத் பீக்கன்

புளூடூத் பீக்கன் என்பது தன்னை அடையாளம் காட்டும் ஒரு சிறு செய்தியைக் குறைந்த ஆற்றல் கொண்ட வானலையில் சீரான இடைவெளியில் ஒலிபரப்பும் மின்னணுக் கருவி ஆகும். சில மீட்டர் முதல் சில பத்து மீட்டர் வரையிலான தொலைவுக்குள் வரும் நகர்பேசி இச்செய்தியைக் கேட்டு, தான் எந்த இடத்தின் அருகில் உள்ளது என்பதை அறிந்துகொள்கின்றது. கட்டடங்களுக்குள் வழிகாட்டவும், அருங்காட்சியகப் பொருட்களை விளக்கவும், ஒருவர் ஓரிடத்துக்கு வந்து சேர்ந்ததைப் பதிவு செய்யவும் இக்கருவி பயன்படுத்தப்படுகின்றது. இவற்றுள் இறுதியாகக் கூறப்பட்ட வருகைப் பதிவே மிகுந்த விவாதத்துக்கு உள்ளானது.

செயற்கைக்கோள் வழி இடமறியும் முறை (ஜி.பி.எஸ்) திறந்த வெளியில் நன்கு செயற்படுகின்றது. காங்கிரீட் கூரைக்குக் கீழும் நிலத்தடித் தளங்களிலும் அதன் குறிகை வலுவிழந்துவிடும். அத்துடன், ஒரே கட்டடத்தின் மூன்றாம் மாடியையும் நான்காம் மாடியையும் அதனைக் கொண்டு பிரித்தறிவதும் கடினம். இந்த இடைவெளியை நிரப்பவே பீக்கன்கள் உருவாயின.

பெயர்

பீக்கன் என்னும் ஆங்கிலச் சொல் தொலைவில் உள்ளோர் காண உயரமான இடத்தில் ஏற்றப்படும் தீயையும், கப்பல்களுக்கு வழிகாட்டும் விளக்கையும் குறித்து வழங்கியது. தமிழில் இதற்கு நெருங்கிய சொல் கலங்கரை விளக்கம் என்பதாகும். இச்சொல் சிலப்பதிகாரத்திலேயே காணப்படுகின்றது. கரைதல் என்பதற்கு அழைத்தல் என்ற பொருளும் உண்டு. ஆதலால் கலங்களைக் கரைந்து அழைக்கும் விளக்கு என்று இச்சொல்லுக்குப் பொருள் கூறுவர். ஒளியைக் கொண்டு அழைப்பதைக் குறிக்கும் இச்சொல், வானலையைக் கொண்டு அழைக்கும் இன்றைய கருவிக்கும் வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்துகின்றது. எனினும் வழக்கில் பீக்கன் என்பதே நிலைத்துவிட்டது.

தமிழ்நாட்டில் கலங்கரை விளக்கம் என்றவுடன் நினைவுக்கு வரும் ஊர்களுள் ஒன்று நாகப்பட்டினம் மாவட்டம் வேதாரணியம் வட்டத்தில் உள்ள கோடியக்கரை ஆகும். காவிரிப் படுகையின் தென்கிழக்கு முனையில், சோழ மண்டலக் கடற்கரை மேற்கு நோக்கித் திரும்பும் இடத்தில் இவ்வூர் அமைந்துள்ளது. கிழக்கே வங்காள விரிகுடா, தெற்கே பாக்கு நீரிணை. கடலோடிகள் திசை மாற்ற வேண்டிய முனை என்பதால் இங்கு விளக்கு தேவைப்பட்டது. சோழர் காலத்தது எனக் கூறப்பட்ட செங்கல் விளக்கத்தின் எச்சம் 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலையில் அழிந்தது. பிரித்தானியர் காலத்தில் கட்டப்பட்ட விளக்கமும், பிற்காலத்தில் எழுப்பப்பட்ட உயர்ந்த விளக்கமும் இங்கு உள்ளன. கல்கியின் பொன்னியின் செல்வன் புதினத்தில் வரும் பூங்குழலி இவ்வூர்க் கலங்கரை விளக்கைக் காப்பவரின் மகள் என்பதை வாசகர் அறிவர்.

கூகுள் நிறுவனம் 2015 ஆம் ஆண்டு வெளியிட்ட பீக்கன் வடிவமைப்புக்கு எடிஸ்டோன் என்று பெயரிட்டது. இதுவும் ஒரு கலங்கரை விளக்கத்தின் பெயரே. இங்கிலாந்தின் பிளைமவுத் நகருக்கு அப்பால் கடற்பாறை ஒன்றின் மீது 1698 இல் முதன்முதலாக ஏற்றப்பட்ட எடிஸ்டோன் விளக்கம், 1703 இல் வீசிய பெரும்புயலில் அதனைக் கட்டியவருடன் சேர்ந்து அழிந்தது.

செயற்படும் முறை

பீக்கன்கள் புளூடூத் நுட்பத்தின் குறைந்த ஆற்றல் வகையைப் பயன்படுத்துகின்றன. நோக்கியா நிறுவனம் 2006 இல் வைபிரீ என்ற பெயரில் அறிவித்த நுட்பமே, 2010 இல் புளூடூத் 4.0 தரத்தின் ஒரு பகுதியாகச் சேர்க்கப்பட்டது. இது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையில் 40 தடங்களைக் கொண்டது. அவற்றுள் மூன்று தடங்கள் அறிவிப்புகளுக்கு என ஒதுக்கப்பட்டுள்ளன. பீக்கன் இம்மூன்றிலும் மாறி மாறித் தன் செய்தியை அனுப்பிவிட்டு உறங்கிவிடும். அதனாலேயே நாணய வடிவிலான ஒரு சிறு மின்கலத்தைக் கொண்டு பல மாதங்கள், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கிலும் இயங்க அதனால் முடிகின்றது.

தொடக்ககாலத் தரத்தின்படி ஓர் அறிவிப்பில் 31 பைட்டுகளுக்கு மேல் தரவு அடங்காது. ஆப்பிள் நிறுவனம் 2013 இல் அறிமுகப்படுத்திய ஐபீக்கன் வடிவமைப்பு இச்சிறு இடத்தை நான்காகப் பிரித்துக்கொள்கின்றது. முதல் 16 பைட்டுகள் நிறுவனத்தின் அடையாள எண். அடுத்த 2 பைட்டுகள் கிளையின் எண். அதற்கடுத்த 2 பைட்டுகள் கிளைக்குள் உள்ள இடத்தின் எண். கடைசி 1 பைட்டு, ஒரு மீட்டர் தொலைவில் குறிகை எவ்வளவு வலுவாக இருக்கும் என்னும் அளவு. கற்பனையாக ஓர் எடுத்துக்காட்டைக் கூறலாம்: தமிழ்நாட்டின் காப்பகங்கள் அனைத்துக்கும் முதல் எண் ஒன்றே எனக் கொண்டால், கோடியக்கரைக் காப்பகத்துக்கு இரண்டாம் எண்ணும், அங்குள்ள சோதனைச் சாவடி, காட்சிக் கோபுரம், இராமர் பாதம் ஆகியவற்றுக்குத் தனித்தனியே மூன்றாம் எண்ணும் அமையும்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். இச்செய்தியில் இடத்தின் பெயர் இல்லை. அட்சக்கோடு, தீர்க்கக்கோடு எதுவும் இல்லை. வரவேற்பு வாசகமும் இல்லை. எண்கள் மட்டுமே உள்ளன. எந்த எண் எந்த இடத்தைக் குறிக்கும் என்பது நகர்பேசியில் நிறுவப்பட்ட செயலிக்கோ இணையத்தில் உள்ள வழங்கிக்கோ தான் தெரியும். உரிய செயலி இல்லாத நகர்பேசிக்குப் பீக்கனின் அழைப்பு பொருளற்ற எண்வரிசையே.

தொலைவைக் கணித்தல்

தடையற்ற வெளியில் தொலைவு இரட்டிப்பானால் வானலையின் வலு நான்கில் ஒன்றாகக் குறையும். எனவே ஒரு மீட்டரில் இருக்க வேண்டிய வலுவையும், உண்மையில் கிடைக்கும் வலுவையும் ஒப்பிட்டுத் தொலைவைக் கணிக்கலாம். கணக்கு எளியது, நடைமுறை அவ்வாறன்று. சுவர்களிலும் உலோக அலமாரிகளிலும் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று கலந்து சில இடங்களில் வலுக்கூடியும் சில இடங்களில் குன்றியும் காணப்படும். மனித உடலில் பெரும்பகுதி நீர் என்பதால் இந்த அலைகளை அது நன்கு உறிஞ்சும். நகர்பேசியைச் சட்டைப்பையில் வைத்திருப்பவர் பீக்கனை நோக்கி நின்றால் ஓர் அளவும், முதுகைக் காட்டி நின்றால் வேறோர் அளவும் கிடைக்கும். காலையில் ஆளில்லாத மண்டபத்தில் சரிபார்த்து வைத்த அமைப்பு மாலையில் கூட்டம் சேர்ந்ததும் பிழைபடுவது இதனால்தான். ஐபீக்கன் முறையில் தொலைவை மிக அருகில், அருகில், தொலைவில் என்று மூன்று படிகளாக மட்டுமே கூறுவதற்கு இதுவே காரணம் எனலாம்.

வருகைப் பதிவு

பீக்கன் ஒலிபரப்புவதோடு நின்றுவிடும் கருவி. கோடியக்கரை விளக்கின் ஒளியைக் கண்ட கப்பல்களின் பட்டியல் விளக்கிடம் இல்லாதது போலவே, தன் செய்தியைக் கேட்டவர் யார் என்பது பீக்கனுக்கும் தெரியாது. கேட்ட நகர்பேசி தன் உரிமையாளரின் அடையாளத்தையும் பீக்கனின் எண்ணையும் நேரத்தையும் இணையம் வழியாக வழங்கிக்கு அனுப்பும்போதுதான் வருகை பதிவாகின்றது. இம்முறையில் முடிவு நகர்பேசியின் கையில் உள்ளது. செயலியை நீக்கியவர், புளூடூத்தை நிறுத்தியவர், இசைவு அளிக்காதவர் ஆகியோர் பதிவாகமாட்டார்கள்.

இதனைத் திருப்பியும் அமைக்கலாம். ஆள் அணிந்திருக்கும் வில்லை அடையாளத்தை ஒலிபரப்ப, வாயிலில் உள்ள கருவி அதனைக் கேட்டுக் குறித்துக்கொள்ளும். கோடியக்கரைக்கு வலசை வரும் பறவைகளின் காலில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல பத்தாண்டுகளாக மாட்டிவரும் எண்ணிட்ட வளையத்தை இதற்கு ஒப்பிடலாம். வளையத்தை வேறொரு நாட்டில் எவரேனும் படித்துத் தெரிவிக்கும்போது பறவையின் பயணம் பதிவாகின்றது. பறவைக்கு அதில் பங்கில்லை.

இரு முறைகளிலும் கிடைக்கும் பதிவு ஒன்றே. பொறியியல் நோக்கில் வேறுபாடும் சிறியதே. ஆனால் யார் எதை எப்போது வெளிப்படுத்துவது என்பதை முடிவு செய்பவர் இரண்டிலும் வேறானவர். இக்கருவிகள் குறித்த தனியுரிமை விவாதங்களைப் புரிந்துகொள்ள இவ்வேறுபாடு இன்றியமையாதது.

வெளியேறுவதைப் பதிவு செய்வது நுழைவதைப் பதிவு செய்வதை விடக் கடினமானது. நுழைவுக்கு ஒரு செய்தி கேட்டால் போதும். வெளியேறியதற்குச் சான்றாக இருப்பதோ செய்தி கேட்காமை மட்டுமே. சில செய்திகள் தற்செயலாகத் தவறியிருக்கவும் கூடும் என்பதால், செயலிகள் சிறிது நேரம் பொறுத்திருந்தே ஒருவர் வெளியேறிவிட்டதாக முடிவு செய்கின்றன.

ஏமாற்றும் வழிகள்

சாதாரண பீக்கனின் எண்கள் மறைகுறியீடு இல்லாமல் வெளிப்படையாக ஒலிபரப்பப்படுகின்றன. அருகில் செல்லும் எவரும் அவற்றைக் குறித்துக்கொண்டு, வேறோர் இடத்தில் அதே எண்களை ஒலிபரப்பலாம். அவ்வாறு செய்தால் அலுவலகத்துக்கு வராதவரும் வந்தவராகப் பதிவாகலாம். 2014 சனவரியில் லாஸ் வேகாஸ் நகரில் நடைபெற்ற நுகர்வோர் மின்னணுவியல் கண்காட்சியில், அரங்குகளில் வைக்கப்பட்ட பீக்கன்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் போட்டி ஒன்று அறிவிக்கப்பட்டது. போட்டிக்கான செயலியைப் பிரித்துப் பார்த்து, அதற்குள் இருந்த எண்களைக் கொண்டே, அங்குச் செல்லாமல் போட்டியை முடித்துவிட முடியும் என்று மேக் இதழினர் செய்து காட்டினர்.

இதற்கு மாற்றாகக் கூகுள் 2016 இல் மாறும் அடையாள எண்களை அறிமுகப்படுத்தியது. பீக்கனும் வழங்கியும் ஒரு மறைதிறவியைப் பகிர்ந்துகொண்டு, நேரத்துக்கு ஏற்பப் புதிய எண்ணைக் கணக்கிடுகின்றன. நேற்றுப் பதிவு செய்த எண் இன்று செல்லாது. ஆயினும் அந்தக் கணத்திலேயே எண்ணை இணையம் வழியாகத் தொலைவில் உள்ளவருக்கு அனுப்பி ஏமாற்றுவதை இதனால் தடுக்க இயலாது. ஊதியத்தையோ தேர்வு எழுதும் தகுதியையோ பீக்கன் பதிவு ஒன்றை மட்டும் நம்பித் தீர்மானிப்பது சரியன்று.

வணிகத்தில்

ஆப்பிள் நிறுவனம் 2013 டிசம்பரில் ஐக்கிய அமெரிக்காவில் உள்ள தன் கடைகளில் ஐபீக்கன்களை நிறுவியது. அதனைத் தொடர்ந்து பல்பொருள் அங்காடிகளும் விளையாட்டு அரங்குகளும் இவற்றைப் பொருத்தின. வாடிக்கையாளர் அலமாரியின் அருகில் வந்ததும் தள்ளுபடி அறிவிப்பு அனுப்புவது அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. அது எதிர்பார்த்த அளவு வளரவில்லை. வேண்டாத அறிவிப்புகளை மக்கள் விரும்பவில்லை. இத்தகைய அறிவிப்புகளைக் காட்டும் தன் சேவையைக் கூகுள் 2018 டிசம்பரில் நிறுத்தியது.

சிங்கப்பூரில்

அண்மை வானலை வழி வருகைப் பதிவு ஒரு நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்ததற்குச் சிங்கப்பூர் சிறந்த எடுத்துக்காட்டாகும். கோவிட்-19 பெருந்தொற்றின்போது, 2020 மார்ச் 20 ஆம் நாள் டிரேஸ்டுகெதர் என்னும் செயலி அங்கு வெளியிடப்பட்டது. அருகருகே இருக்கும் இரு நகர்பேசிகள் புளூடூத் வழியாகத் தற்காலிக அடையாள எண்களைப் பரிமாறிக்கொள்ளும். அவை அந்தந்த நகர்பேசியிலேயே 25 நாட்கள் வரை சேமிக்கப்படும். ஒருவருக்குத் தொற்று உறுதியானால் மட்டும் அவரது பதிவுகள் சுகாதாரத் துறையினரால் பெறப்படும். இச்செயலி இடத்தைப் பதிவு செய்யவில்லை; யாருக்கு அருகில் யார் இருந்தார் என்பதை மட்டுமே பதிந்தது.

இடத்தைப் பதிவு செய்ய சேஃப்என்ட்ரி என்னும் வேறு முறை இருந்தது. கடைகள், அலுவலகங்கள் முதலியவற்றின் வாயிலில் ஒட்டப்பட்ட கட்டக் குறியீட்டை நகர்பேசியால் படம் பிடித்து வருகையைப் பதிய வேண்டும். நகர்பேசி இல்லாத முதியோருக்காக, 2020 ஜூன் முதல் கையடக்க வில்லைகள் வழங்கப்பட்டன. வில்லையில் இணைய இணைப்போ செயற்கைக்கோள் வழி இடமறியும் வசதியோ இல்லை. புளூடூத் மட்டுமே உண்டு. பின்னர் வாயில்களில் சேஃப்என்ட்ரி கேட்வே எனப்பட்ட கருவிகள் வைக்கப்பட்டன. செயலி உள்ள நகர்பேசியையோ வில்லையையோ அக்கருவியின் அருகில் காட்டினால், படம் பிடிக்காமலேயே வருகை பதிவாகியது. 2021 மே மாதம் முதல் மக்கள் கூடும் இடங்கள் பலவற்றில் நுழைய செயலியோ வில்லையோ கட்டாயமானது.

இதில் தமிழகத்தின் காவிரிப் படுகை மாவட்டங்களுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், புதுக்கோட்டை ஆகிய மாவட்டங்களிலிருந்து கட்டுமானப் பணிக்கும் கப்பல் கட்டும் தளப் பணிக்கும் சிங்கப்பூர் சென்றோர் ஏராளம். 2020 ஏப்ரலில் தொற்று மிகுதியாகப் பரவியது வெளிநாட்டுத் தொழிலாளர் தங்கிய விடுதிகளிலேயே ஆகும். விடுதிகளில் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். கட்டுமானம், கப்பல் தளம் முதலிய துறைகளின் தொழிலாளர்களுக்குத் தொடர்பறியும் கருவிகள் வழங்கப்பட்டன. கருவியைச் சுமப்பதா வேண்டாமா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அவர்களுக்குக் குறைவே. பிறர் நடமாட்டம் தளர்த்தப்பட்ட பின்னரும் நெடுங்காலம் விடுதித் தொழிலாளர்கள் வெளியே செல்லக் கட்டுப்பாடுகள் நீடித்தன.

2021 சனவரியில் நிலைமை மாறியது. தொற்றுத் தொடர்பை அறிய மட்டுமே தரவு பயன்படும் என்று முன்னர் கூறப்பட்டிருந்தது. ஆனால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி காவல்துறையும் இத்தரவைப் பெற முடியும் என்று அம்மாதம் 4 ஆம் நாள் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. கொலை வழக்கு ஒன்றில் அவ்வாறு தரவு கோரப்பட்டதும் வெளியானது. அப்போது ஏறத்தாழ 42 இலட்சம் பேர், அதாவது மக்களுள் நான்கில் மூன்று பங்கினருக்கும் மேற்பட்டோர் இதில் சேர்ந்திருந்தனர். அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன், சட்டத்தின் இக்கூறினைத் தாம் முன்னர் எண்ணிப் பார்க்கவில்லை என்று கூறி வருத்தம் தெரிவித்தார். பிப்ரவரியில் நிறைவேற்றப்பட்ட சட்டத் திருத்தம், கொலை, பயங்கரவாதம், ஆட்கடத்தல் உள்ளிட்ட ஏழு வகைக் கடுங்குற்றங்களின் புலனாய்வுக்கு மட்டும் இத்தரவைப் பயன்படுத்தலாம் என வரையறுத்தது. கருவியின் வடிவமைப்பில் தனியுரிமைக்கு மிகுந்த கவனம் செலுத்தப்பட்டிருந்தும், அதற்கு வெளியே இருந்த ஒரு பழைய சட்டப்பிரிவு அதனைக் கடந்து செல்ல முடிந்தது என்பது இந்நிகழ்வில் கருதத்தக்கது. இரு முறைகளும் 2023 பிப்ரவரியில் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டன.

இந்தியாவில்

இந்திய அரசின் ஆரோக்கிய சேது செயலி 2020 ஏப்ரல் 2 ஆம் நாள் வெளியானது. இது புளூடூத்தோடு செயற்கைக்கோள் வழி இடமறியும் வசதியையும் சேர்த்துப் பயன்படுத்தியது. எனவே யாருக்கு அருகில் என்பதோடு எங்கே என்பதும் பதிவானது. தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் இச்செயலி கிடைத்தது. வில்லை போன்ற மாற்றுக் கருவி இதில் இல்லை. இதன் தொடர்பறியும் வசதி 2022 இல் நிறுத்தப்பட்டது.

கடலில்

கோடியக்கரையில் அக்டோபர் முதல் மார்ச் வரையிலான மீன்பிடிப் பருவத்தில் பிற கடற்கரை ஊர்களின் மீனவர்களும் வந்து தங்கித் தொழில் செய்கின்றனர். கரையிலிருந்து 10 அல்லது 12 கிலோமீட்டருக்கு அப்பால் நகர்பேசிக் கோபுரங்களின் குறிகை கிடைப்பதில்லை. புளூடூத்தின் எல்லையோ சில பத்து மீட்டர்களே. ஆதலால் கடலில் இதற்கு வேலையே இல்லை என்று தோன்றலாம். ஆனால் படகுக்குள் அதற்கு ஒரு பணி உண்டு.

ஒக்கி புயல் 2017 நவம்பர் இறுதியில் வீசியபோது ஆழ்கடலில் இருந்த மீனவர்களுக்கு எச்சரிக்கை சென்று சேரவில்லை. தமிழகமும் கேரளமும் பலரை இழந்தன. இதன் பின்னர், ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் 2019 அக்டோபரில் ஜெமினி என்னும் கருவியை வெளியிட்டது. விமானங்களுக்காக அமைக்கப்பட்ட ககன் செயற்கைக்கோள் அமைப்பின் வழியாக வரும் புயல் எச்சரிக்கை, கடல்நிலை, மீன்வளம் மிக்க பகுதிகள் ஆகிய செய்திகளை இக்கருவி பெறுகின்றது. பின்னர் புளூடூத் வழியாக மீனவரின் நகர்பேசிக்கு அனுப்ப, செயலி அதனை அவரவர் மொழியில் காட்டுகின்றது. நீண்ட தொலைவைச் செயற்கைக்கோளும் கடைசி ஒரு மீட்டரைப் புளூடூத்தும் கடக்கின்றன. இக்கருவி கேட்க மட்டுமே வல்லது. மீனவரால் இதன் வழியே கரைக்கு மறுமொழி அனுப்ப இயலாது; படகு எங்குள்ளது என்பதும் கரைக்குத் தெரியாது. முன்னர் கூறிய இரு வகைகளுள் இது கலங்கரை விளக்கின் வகையைச் சேர்ந்தது.

மற்ற வகையும் கடலுக்கு வந்துவிட்டது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் உருவாக்கிய இடர் எச்சரிக்கைக் கருவியின் இரண்டாம் தலைமுறை வடிவம், மீனவர் அனுப்பும் இடர்ச் செய்தி பெறப்பட்டதை அவருக்கே திருப்பி உறுதி செய்கின்றது. இதுவும் புளூடூத்தால் நகர்பேசியோடு இணைகின்றது. 2024 ஆகஸ்ட் 30 ஆம் நாள் ஒன்றிய அரசு தொடங்கிய திட்டத்தின் கீழ், 13 கடலோர மாநிலங்கள் மற்றும் ஒன்றியப் பகுதிகளின் ஒரு இலட்சம் மீன்பிடிப் படகுகளில் இருவழிச் செயற்கைக்கோள் கருவிகளை இலவசமாகப் பொருத்துவது இலக்காக அறிவிக்கப்பட்டது. படகு பன்னாட்டுக் கடல் எல்லையை நெருங்கினால் அக்கருவி மீனவரை எச்சரிக்கும். 1974, 1976 ஆம் ஆண்டுகளின் உடன்பாடுகளால் வரையப்பட்ட அந்த எல்லையை நீரின் மேல் கண்ணால் காண இயலாது. எல்லை கடந்ததாகக் கைது செய்யப்படுவது பாக்கு நீரிணை மீனவர்களின் நெடுநாள் துன்பமாகும்.

அதே கருவி படகின் இருப்பிடத்தைக் கரையில் உள்ள கட்டுப்பாட்டு மையத்துக்கும் அறிவிக்கின்றது. மீட்புப் பணிக்கு அதைவிட உதவியானது வேறில்லை. ஆனால் மீன் அதிகம் படும் இடத்தை மீனவர்கள் எளிதில் பிறருக்குச் சொல்வதில்லை. சொன்னால் மறுநாள் அங்கு பிற படகுகளும் வந்து நிற்கும். படகின் தடத்தை யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம், எல்லை குறித்த வழக்கில் அது மீனவருக்குச் சார்பான சான்றாகவும் எதிரான சான்றாகவும் ஆகுமா என்பன, சிங்கப்பூரின் வாயிற் கருவிகளைக் குறித்து எழுந்த கேள்விகளைப் போன்றவையே ஆகும்.